நாலாம் நாள், ஒன்றுகூட உதிரவில்லை

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. என் மகள் ரேணு எழுதியது. மேலே 'அம்மா பக்கத்துக்கு முப்பது ஐடியா' என்று தலைப்பு. கீழே ஒன்று முதல் முப்பது வரை எண் போட்டு, இமைமுடி ஒட்டுகிற ஒருத்தி இணையத்தில் தன் பக்கத்தில் என்னென்ன வீடியோ போட்டால் ஆட்கள் நின்று பார்ப்பார்கள் என்று பட்டியல். ஓரங்கள் சுருண்டு, எண்ணெய்க் கறை ஏறி, ஒரு வருஷத்துக்கு மேலாக அங்கேயே இருக்கிறது.

ஊரில் இருப்பவர்களுக்கு என் தொழிலை முதலில் சொல்லிவிடுகிறேன். லண்டனுக்குத் தெற்கே, ரயிலில் அரை மணி தூரத்தில் ஒரு கடைத்தெரு. அங்கே ஓர் அழகு நிலையத்தின் பின்னறையில் ஒரு கட்டில், ஒரு விளக்கு, ஒரு ஸ்டூல். பெண்கள் வந்து கண்ணை மூடிப் படுப்பார்கள். நான் அவர்களுடைய இமைமுடியை இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றின் மேலும் ஒரு செயற்கை முடியைப் பசையில் தொட்டு ஒட்டுவேன். இரண்டு மணி நேரம் ஆகும். எழுந்து கண்ணாடியைப் பார்த்துக் கடவுளைக் கூப்பிடுவார்கள். ஐந்தாறு வாரத்தில் அவர்கள் சொந்த முடி உதிரும்போது ஒட்டியதும் சேர்ந்து உதிரும். மறுபடி வருவார்கள். அவ்வளவுதான் தொழில்.

என் நைனா திருத்தணி மலைமேல் மொட்டை போடுகிறவராக இருந்தார். எங்கள் பக்கத்தில் பாதி வீடுகளில் அப்பா என்றால் நைனாதான். அவர் வாழ்நாள் முழுக்க முடியை எடுத்தார், நான் முடியை ஒட்டுகிறேன். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். நானும் கூடச் சிரிப்பேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை நைனாவுக்கு முதல் வருஷத் திதி. அண்ணன் எனக்குச் சொல்லவில்லை. அண்ணிதான் அவனுக்குத் தெரியாமல் செய்தி அனுப்பினாள். அண்ணன் தணிகைவேல் என்னோடு பேசி ஒரு வருஷம் ஆகிறது. அவன் என்னிடம் ஒரு கேள்வி கேட்டான், எனக்குப் பதில் தெரியவில்லை. அதோடு நின்றது பேச்சு.

அதைத்தான் எழுதப் பார்க்கிறேன். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் ரேணுவின் தாளில் உள்ள எண்களையே எடுத்துக்கொண்டேன். முப்பதையும் எழுத மாட்டேன், பயப்படாதீர்கள்.

1. முன்னும் பின்னும்

எங்கள் தொழிலில் இதுதான் அரிச்சுவடி. ஒட்டுவதற்கு முன் ஒரு படம், ஒட்டியபின் ஒரு படம். அதே கோணம், அதே விளக்கு. முன்னால் எடுக்கும்போது சிரிக்காதே என்று சொல்ல வேண்டும், பின்னால் எடுக்கும்போது சொல்லாமலே சிரிப்பார்கள்.

இதைப் பெரிய கண்டுபிடிப்பாக ரேணு எனக்கு விளக்கினாள். நான் சிறுமியாக மலையில் தினமும் பார்த்ததுதான் இது. மொட்டை மண்டபத்து வாசலில் குடும்பம் குடும்பமாக நிற்பார்கள். குழந்தைக்கு முடியோடு ஒரு படம், மொட்டை போட்டுச் சந்தனம் பூசி ஒரு படம். முன் படத்தில் குழந்தை சிரிக்கும், பின் படத்தில் அழும். அது ஒன்றுதான் வித்தியாசம்.

ஆடிக் கிருத்திகை சமயத்தில் நைனாவுக்குச் சாப்பிடக்கூட நேரமிருக்காது. மத்தியானம் நான் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு படியேறிப் போவேன். அவர் இடது கையைக் குழந்தையின் உச்சந்தலையில் விரித்து வைப்பார். அழுத்த மாட்டார், சும்மா வைப்பார். தமிழ்ப் பிள்ளை என்றால் "குனி" என்பார். நகரி, புத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த பிள்ளை என்றால் தெலுங்கில் "தல வஞ்சு" என்பார். பிள்ளை எப்படியும் வீரிட்டு அழும். அப்போதும் ஒரே வாசகம்தான்.

"அழணும்னா குனிஞ்சினு அழு கண்ணு. நிமிந்தினு அழுதா முடி கண்ணுல பூடும்."

அவர் அதை ஆறுதலாகச் சொன்னதில்லை. முடி கண்ணில் விழுந்தால் பிள்ளை தலையை ஆட்டும், ஆட்டினால் கத்தி படும். வேலைக்காகச் சொன்னது. பிள்ளைகள் குனிந்தே அழும், கண்ணீரும் தண்ணீரும் முடியும் சேர்ந்து கீழே போகும். நான் தூக்குவாளியோடு நின்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

4. 'என் ஒரு நாள்'

காலையில் என் வீட்டுக்காரர் பஸ் ஓட்டப் போய்விடுவார். ரேணு காதில் ஏதோ மாட்டிக்கொண்டு எழுந்து வருவாள், அதோடே பள்ளிக்கூடம் போவாள். நான் ஒன்பது மணிக்குக் கடை திறந்து, கட்டில் துடைத்து, இடுக்கிகளைக் கிருமிநாசினியில் போடுவேன். முதல் ஆள் வந்து படுப்பாள். மத்தியானம் தயிர்சாதம். மறுபடி ஆள், மறுபடி கட்டில். ஆறு மணிக்குக் கழுத்து பிடித்துக்கொள்ளும். இதை வீடியோ எடுத்தால் யார் பார்ப்பார்கள் என்று கேட்டேன். வேகமாக ஓட்டினால் பார்ப்பார்கள் என்றாள் ரேணு. வேகமாக ஓட்டிக் காட்டினாள். இந்த ஊரில் என் பன்னிரண்டு வருஷமும் அப்படித்தான் போயிருக்கும் என்று தோன்றியது.

வந்த புதிதில் ஒரு பெண்ணிடம் "ப்ளீஸ் ஸ்லீப்" என்றேன். "எனக்குத் தூக்கம் வரவில்லையே" என்றாள். நமக்குப் படுப்பதும் தூங்குவதும் ஏறக்குறைய ஒன்றுதானே. அவள் சிரித்து முடிக்கும்வரை நான் இடுக்கியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். இப்போது சரியாகச் சொல்கிறேன். ஆனாலும் ஒவ்வொரு முறையும் சொல்வதற்கு முன் ஒரு கணம் நிற்கிறேன்.

இந்த ஊரில் இமைமுடி ஒட்ட உள்ளூராட்சி அலுவலகத்தில் அனுமதி வாங்க வேண்டும். பதினோரு பக்கப் படிவம். கூரான கருவி உண்டா, ரத்தம் வருமா, கண்ணுக்கு அருகில் வரும் பொருள்கள் எவை, வாடிக்கையாளர் மயங்கினால் என்ன செய்வீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். ஒரு கத்தி, ஒரு கிண்ணம் தண்ணீர், ஓர் இடது கை, இவற்றை வைத்துக்கொண்டு நைனா எத்தனை ஆயிரம் தலை பார்த்தார் என்று நினைத்தபடியே கையெழுத்துப் போட்டேன்.

ரேணு சின்ன வகுப்பில் இருந்தபோது தாத்தாவைப் பற்றி எழுதச் சொன்னார்கள். 'என் தாத்தா கோவிலில் ஹேர்டிரஸ்ஸர்' என்று எழுதினாள். என்னென்ன ஸ்டைல் செய்வார் என்று டீச்சர் கேட்டிருக்கிறாள். "ஒரே ஸ்டைல்தான்" என்று சொல்லியிருக்கிறாள் இவள். நைனாவிடம் சொன்னபோது அவர் ஒரு வாரம் எல்லாரிடமும் அதையே சொல்லிக்கொண்டிருந்தாராம். ரேணுவுக்கு முதல் மொட்டை போட்டதும் அவர்தான். அவளுக்கு அது நினைவில்லை. படத்தைக் காட்டினால், யாரோ ஒரு குழந்தையைப் பார்க்கிற மாதிரிதான் பார்ப்பாள்.

9. முப்பது நாள் சோதனை

இதுதான் ரேணுவுக்கு மிகவும் பிடித்த ஐடியா. ஒரே ஆளுக்கு ஒட்டி, முப்பது நாளும் தினமும் ஒரு சின்ன வீடியோ எடுத்து, எத்தனை உதிர்கிறது என்று காட்டுவது. உதிராவிட்டால் நம் கைக்கு மதிப்பு. தினமும் வந்து நிற்க யார் சம்மதிப்பார்கள்? அதனால் என் கண்ணே சோதனைச்சாலை ஆயிற்று. கடையில் என்னோடு வேலை செய்யும் கரோலினா எனக்கு ஒட்டிவிட்டாள். நல்ல அடர்த்தியான செட். கண்ணாடியில் பார்த்தபோது யாரோ கல்யாண வீட்டுக்குக் கிளம்பி நிற்கிற மாதிரி இருந்தது.

இரண்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. ரேணு சமையலறையில் விளக்கை நிறுத்தி, தன் போனில் எடுத்துக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து என் போனில் நைனா வீடியோ காலில் வந்தார். கெட்டிலில் சாய்த்து வைத்துவிட்டு, "ஆங் நைனா, ஆங் நைனா" என்று சொல்லிக்கொண்டே ரேணு சொன்ன பக்கமெல்லாம் திரும்பிக்கொண்டிருந்தேன். கடைசியாக நான் சொன்னது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. "ரெண்டு நிமிஷம் நைனா, அப்புறம் பேசறேன்." வைத்துவிட்டேன். வீடியோ முடிந்தது, சமையல் வந்தது, துணி வந்தது. திங்கட்கிழமை மறந்துபோனேன்.

செவ்வாய் விடியும்போது அண்ணன் கூப்பிட்டான்.

"வள்ளி. நைனா பூட்டாரு. காலைல எழுப்பறேன், எழுந்துக்கல."

எனக்கு ஒன்றும் ஆகவில்லை. டிக்கெட் பார்த்தேன், மத்தியானம் ஒன்று இருந்தது. வீட்டுக்காரருக்குச் சொன்னேன். ரேணுவுக்குப் பரீட்சை, அவள் வர முடியாது. பெட்டி அடுக்கினேன்.

இப்போது ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஒட்டிய இமையை நாமே நம் கண்ணில் எடுக்க முடியாது. அதற்கு ஒரு களிம்பு உண்டு. கண்ணை மூடிப் படுத்து வேறொருவர் கையால் எடுக்க வேண்டும். கரோலினாவிடம் போயிருக்கலாம். வழியில்தான் கடை. அரை மணி போதும், எனக்கு அந்த அரை மணி இருந்தது. இரண்டு முறை நினைத்தேன், போகவில்லை. ஏன் என்று ஒரு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அப்பா செத்த அன்று போய்ப் படுத்துக்கொண்டு 'எடு' என்று சொல்லக் கூச்சமாக இருந்தது என்று எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். அது பாதி. நாலு நாள் நின்றிருக்கிறதே என்று எங்கோ ஒரு மூலையில் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. அது மீதி.

விமான நிலையக் கழிவறையில் வெளிச்சம் நன்றாக இருந்தது. கை தானாகப் போனை எடுத்தது. கண்ணை மூடித் திறந்து, பக்கவாட்டில் திரும்பி, பதினைந்து நொடி. ரேணுவுக்கு அனுப்பினேன். அனுப்பிய பிறகுதான் என்ன செய்தேன் என்று பார்த்தேன். அப்போதும் ஒன்றும் ஆகவில்லை. வரிசையில் போய் நின்றேன்.

குழந்தைக்கு என்ன தெரியும்? அம்மா அனுப்பினாள், அவள் ஒரு பாட்டைச் சேர்த்து என் பக்கத்தில் போட்டுவிட்டாள். 'நாலாம் நாள், ஒன்றுகூட உதிரவில்லை!' கூடவே ஒரு நெருப்புப் படம். நான் ஆகாயத்தில் இருந்த பத்து மணி நேரத்தில் திருத்தணியில் எங்கள் சொந்தக்காரர்கள் அத்தனை பேர் போனிலும் அது ஓடிவிட்டது.

சென்னையில் பாஸ்போர்ட் பார்த்தவர் என் முகத்தையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "இன்னா மேடம், வீட்ல விசேஷமா?" என்றார். "சாவு" என்றேன். அவர் முத்திரை குத்தி, தலையை நிமிர்த்தாமல் நீட்டினார்.

15. ஒட்டியபின் பாதுகாப்பது எப்படி

தேய்க்காதீர்கள். குப்புறப் படுக்காதீர்கள். ஆவி படும்படி சோறு வடிக்காதீர்கள். அழுகை வந்தால் முகத்தை மேலே தூக்கி, கூரையைப் பார்த்து, மெதுவாக இமையுங்கள். விரலால் விசிறுங்கள். கண்ணீர் வந்த வழியே திரும்பிப் போய்விடும். இதை நான் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன், எத்தனை வீடியோவில் செய்து காட்டியிருப்பேன்!

நைனாவை வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். மேளம் அடித்துக்கொண்டிருந்தது. காரிலிருந்து இறங்கியதும் அத்தை ஓடி வந்து கட்டிப்பிடித்து, "வள்ளி, வந்துட்டியாடி, ஒங்க நைனா போன வழிய பாருடி" என்று அலறினாள். தொண்டைக்குள் என்னவோ ஏறியது. பெட்டிக்கு மேலே குனிய வேண்டிய நேரம்.

நான் நிமிர்ந்தேன். என் தலை தானாக மேலே போயிற்று. பந்தல் துணியைப் பார்த்து, மெதுவாக இமைத்து, விரலால் விசிறினேன். ஏறியது இறங்கிப் போய்விட்டது. அதுவரை என்னைப் பார்த்து அழுதுகொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள்.

"கண்ணு மை கலைஞ்சிடும்னு அழமாட்டேங்கறா பாரு" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. உடலை எடுத்துக்கொண்டு போனபின் பெண்கள் குளிக்கிற இடத்தில் அத்தை என் தலையில் தண்ணீர் ஊற்றினாள். என் கை கண்ணை மூடிக்கொண்டது. அத்தை சொம்பை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அண்ணன் சுடுகாட்டிலிருந்து மொட்டைத் தலையோடு வந்தான். நைனாவோடு மண்டபத்தில் இருந்தவர்தான் போட்டுவிட்டாராம். அவன் தாலுகா ஆபீஸ் எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான், யாரிடமும் அதிர்ந்து பேச மாட்டான். அன்றைக்கும் மெதுவாகத்தான் பேசினான்.

"வள்ளி, ஒண்ணு கேக்கணும். ஞாயித்திக்கெழம ஒங்கிட்ட பேசினாரே. போன எங்கிட்ட குடுத்துட்டு சிரிச்சினே போனாரு. படுக்கறவரைக்கும் சிரிச்சினே இருந்தாரு. இன்னான்னு கேட்டா சொல்லல. மறுநாளும் தனியா சிரிச்சிக்கினாரு. இன்னா பேசினீங்க?"

நான் யோசித்தேன். விளக்கு நினைவுக்கு வந்தது. ரேணு 'இடது பக்கம்மா, இடது பக்கம்' என்றது நினைவுக்கு வந்தது. நைனாவின் குரல் வரவில்லை.

"ஞாபகம் இல்லண்ணா."

"மூணு நாளுதானே ஆச்சு?"

"நான் சரியா கேக்கலண்ணா. வேலையா இருந்தேன்."

அவன் என் கண்ணையே பார்த்தான். "நாலாம் நாளுன்றது மட்டும் ஞாபகம் கீது ஒனக்கு" என்றான். பிறகு, "நைனா எத்தினி தலைய வழிச்சிருப்பாரு. அவரு பொண்ணுக்கு அந்த நாலு முடிய எடுத்துட்டு வர முடியல" என்றான். அதுதான் கடைசி. பதினாறாம் நாள் காரியம் வரைக்கும் இருந்தேன். சோறு போடச் சொல்வதைக்கூட அண்ணியிடம்தான் சொன்னான்.

திரும்பி வந்தபின் அவை ஒவ்வொன்றாக உதிர்ந்தன. தலையணையில், கைகழுவும் தொட்டியில், பஸ்ஸில் என் மடிமேல். கரோலினா எடுத்துவிடட்டுமா என்றாள், வேண்டாம் என்றேன். கடைசி ஒன்று எப்போது போயிற்று என்று தெரியாது. நான் அழவில்லை. அடக்கியதாகச் சொல்ல மாட்டேன். அடக்க அங்கே ஒன்றும் இல்லை. பல் டாக்டர் ஊசி போட்டபின் கன்னத்தைத் தொட்டுப் பார்ப்போமே, அப்படித்தான் நைனாவை நினைத்துப் பார்ப்பேன். என் கன்னம்தான், ஆனால் யாருடையதோ போல இருக்கும். எனக்கு அவர்மேல் பாசம் இல்லையோ என்ற சந்தேகம்கூட வந்தது. அதைப் பற்றியும் பெரிதாக வருத்தம் வரவில்லை.

22. வாடிக்கையாளர் கேட்ட கேள்வி

போன வியாழக்கிழமை டெனீஸ் வந்தாள். எட்டு வருஷமாக வருகிறவள். அடுத்த வெள்ளிக்கிழமை அவள் அப்பாவை அடக்கம் செய்கிறார்களாம். இங்கே இறந்து இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான் அடக்கம். தேதி குறித்து, பூ சொல்லி, சாப்பாடு சொல்லி, எல்லாரும் நகம் பூசி முடி திருத்திக்கொண்டு வருவார்கள். சாவுக்கென்று இமை ஒட்ட வருகிறவர்கள் மாதத்துக்கு ஒருத்தியாவது உண்டு. அதை நினைத்து எனக்கு ஒரு வருஷமாகக் கொஞ்சம் கோபம்கூட வரும். இந்த ஊரில் பிறந்திருந்தால் என்னை யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

"எங்க அப்பாவுக்கு நான் நன்றாக உடுத்தினால் பிடிக்கும்" என்றாள் டெனீஸ், கண்ணை மூடிப் படுத்தபடியே. பிறகு, "அன்றைக்கு நிறைய அழுவேன். இது நிற்குமா?" என்றாள்.

"முதல் நாள் மட்டும் தண்ணீர் படக்கூடாது. ஒரு நாள் போனால் பசை இறுகிவிடும். அதற்குப் பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் அழலாம், ஒன்றும் ஆகாது. தேய்க்காமல் இருந்தால் போதும்."

சொல்லிவிட்டு இடுக்கியோடு நின்றேன். எத்தனையோ பேருக்குச் சொன்ன பதில்தான். நான் திருத்தணியில் போய் இறங்கியது ஐந்தாம் நாள். பசை என்றைக்கோ இறுகிவிட்டது. எவ்வளவு வேண்டுமானாலும் அழுதிருக்கலாம். இது எனக்குத் தெரியும், என் தொழிலே இதுதான். அப்படியிருந்தும் அன்றைக்குப் பந்தலில் மேலே பார்த்தேன்.

"வால், தூங்கிவிட்டாயா?" என்றாள் டெனீஸ். இங்கே என் பெயர் வால். இல்லை என்று சொல்லி அடுத்த முடியை எடுத்தேன்.

27. பழசைத் தூசி தட்டு

புதிதாக எடுக்க நேரமில்லாத வாரம் பழைய வீடியோக்களைத் திரும்ப வெட்டிப் போடலாம் என்பது ரேணுவின் இருபத்தேழாவது ஐடியா. நேற்றைக்கு, சனிக்கிழமை மத்தியானம், நான் இதைப் பாதி எழுதியிருந்தபோது, சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து அந்த வேலைதான் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு இந்த வாரம் எதிலும் மனம் ஓடாது என்று அவளே தாளைப் பார்த்து முடிவு செய்திருக்கிறாள். நான் எதிரில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். மறுநாள் திதி என்பது அவளுக்குத் தெரியும். அதற்கு என்ன செய்ய வேண்டும் என்பது எங்கள் இருவருக்குமே தெரியாது.

"அம்மா, முப்பது நாள் டெஸ்ட்ல நாலுதான் போட்டோம். அதோட ஒரிஜினல் எல்லாம் என்கிட்டயே இருக்கு. நான் மேல மியூசிக்தான் போட்டேன்" என்றாள். போட வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் இரண்டாம் நாளைத் தட்டிவிட்டாள். பாட்டு இல்லாமல், வெறும் சமையலறைச் சத்தம். ஃபிரிட்ஜ் உறுமுகிற ஒலி. அதற்குள்ளிருந்து ஒரு குரல்.

"இன்னாமா, கண்ணு புச்சா கீது?"

ரேணு என்னைப் பார்த்தாள். "அம்மா, தாத்தா பேசறாரு."

போனில் என் முகம்தான் தெரிந்தது. அவர் தெரியவில்லை. குரல் மட்டும் ஓடியது.

"முடி ஒட்டினு கீறேன் நைனா. முப்பது நாளு நிக்குதான்னு பாக்கறோம்."

"கிட்ட காட்டு. ஆங். ஏம்மா, நான் இங்க எடுக்கறேன், நீ அங்க ஒட்டறே. சாமிகிட்ட நம்ம கணக்கு நேரா பூடுச்சி." சிரிப்பு. இருமல். மறுபடி சிரிப்பு. அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டு எத்தனை நாளாயிற்று. வீடியோவில் இருக்கிற நான் அதைக் கேட்கவில்லை. இடது பக்கம் திரும்பிக்கொண்டிருந்தேன்.

"ஆங் நைனா."

"நல்லாத்தான் கீது. எடுத்துடாத. முப்பது நாளும் வெச்சினு எனக்கு காட்டு."

"ஆங் நைனா."

"கண்ணுல இன்னா தண்ணி நிக்குது? அழுதியா?"

"பசை வாசனைக்கி நைனா. மேல பாத்தா நின்னுடும்."

"மேல பாக்காத. குனி, குனி. குனிஞ்சா வுழுந்துட்டு போவுது."

"ரெண்டு நிமிஷம் நைனா, அப்புறம் பேசறேன்."

அதோடு முடிந்தது. நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "அதை மாமாவுக்கு அனுப்பு" என்றேன். "என்னன்னு எழுதட்டும்?" என்றாள். ஒன்றும் எழுத வேண்டாம் என்றேன்.

அங்கே சாயங்காலம். கடையைச் சாத்துகிற நேரம். அனுப்பியதும் அவன் பார்த்துவிட்டது தெரிந்தது. நான் பீன்ஸை முடித்துக் கேரட்டை எடுத்தேன். பிறகு என் போன் அடித்தது. ஒரு வருஷத்துக்குப் பிறகு அந்தப் பெயர் திரையில் வந்தது.

அண்ணன்தான். பின்னால் திருப்பதி பஸ்காரன் ஹாரன் அடிப்பது கேட்டது. யாரோ ஆதார் நகல் கேட்டார்கள், "நாளான்னிக்கி வாங்க" என்றான்.

"அதுக்குத்தான் சிரிச்சாரா" என்றான் பிறகு.

"ஆங்."

"எடுத்துடாதன்னு அவரேதான் சொன்னாரா."

"எனக்கே இப்பதான் தெரியும்ணா."

"சரி வுடு." மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "கணக்கு நேரா பூடுச்சின்றாரு பாரு. இன்னா ஆளு." அவன் சிரித்தான், அதற்குப் பிறகு அது சிரிப்பாக இல்லை. நான் போனைக் காதோடு வைத்துக்கொண்டு இருந்தேன். பிறகு, "நாளிக்கி காலைல பத்து மணிக்கி படையல். வீடியோல வா. புள்ளையும் கூட்டினு வா" என்றான்.

"சரிண்ணா."

"கண்ணுல இப்ப இன்னா கீது?"

"ஒண்ணும் இல்லண்ணா. என் முடிதான்."

வைத்துவிட்டான். மேஜைமேல் பாதி நறுக்கிய கேரட் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். தொண்டையில் அது ஏறி வந்தது. பந்தலில் திரும்பிப் போனதே, அதேதான், அதே இடத்தில். ரேணு என் முகத்தைப் பார்த்துவிட்டு நாற்காலியைத் தள்ளி எழுந்து வந்தாள். நான் ஆயிரம் முறை செய்து காட்டியதுதானே அவளுக்குத் தெரியும். இரண்டு கையாலும் என் கண்ணுக்கு விசிறிக்கொண்டே, "மேல பாரும்மா, மேல பாரு, மேல பாரு" என்றாள்.

நான் குனிந்தேன்.